நீண்ட அங்கி அணிந்த நால்வர்: ட்யூரரின் 1526 பலகைகள் பற்றி ஒரு சந்தேகம்

பதிவு 1 · நெடும்பயணி

மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன். கலை ஆர்வம் என்று பொய் சொல்ல மனம் வரவில்லை. மியூனிக்கில் ஆல்டே பினகோதெக் அருங்காட்சியகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை நுழைவுச் சீட்டு ஒரே ஒரு யூரோ. வெளியே ஒரு காப்பி குடித்தால் அதைவிட அதிகம் ஆகும்.

உள்ளே ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் வரைந்த இரண்டு பலகைகள். ஒவ்வொன்றும் ஆளைவிட உயரம். அகலமோ ஒரு கதவு அளவுகூட இல்லை. பலகைக்கு இரண்டு பேர் வீதம் நான்கு ஆண்கள். முன்னால் நிற்கும் இருவரும் தோளிலிருந்து பாதம் வரை கனத்த அங்கியில் மூடியிருக்கிறார்கள்: ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு வெள்ளை. பெயர்ப் பலகையில் 'நான்கு அப்போஸ்தலர்கள்' என்று இருந்தது. அரை மணி நேரம் நின்றுவிட்டேன். மழை நின்றதே தெரியவில்லை.

என் சந்தேகங்கள் இவை. புனிதர்கள் என்றால் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் இருக்க வேண்டாமா? இங்கே ஒருவருக்கும் இல்லை. சாவி வைத்திருப்பவர் பேதுரு என்று எனக்கே தெரியும். அவரை ஏன் பின்னால் தள்ளி, தலை மட்டும் தெரியும்படி நிறுத்தியிருக்கிறார்? காலடியில் பொடி எழுத்தில் வரி வரியாக என்னவோ எழுதியிருக்கிறது, அது என்ன? என் ஜெர்மன் ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 · சாயப்பெட்டி

நல்ல இடத்தில் ஒதுங்கியிருக்கிறீர்கள். கும்பகோணத்தில் ஓவியம் படித்த காலத்தில் இந்தப் பலகைகளின் மங்கிய அச்சுப்படம் ஒன்றை வைத்துத்தான் எங்களுக்குத் துணி மடிப்பு சொல்லிக்கொடுத்தார்கள். மூலத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. வயிறு எரிகிறது.

இடப்பலகையில் சிவப்பு அங்கியில் முன்னால் நிற்பவர் யோவான், அவருக்குப் பின்னால் பேதுரு. வலப்பலகையில் வெள்ளை அங்கியுடன் கையில் வாளும் தடித்த புத்தகமுமாக நிற்பவர் பவுல். அவருக்குப் பின்னால் கண்ணை உருட்டிக்கொண்டு சுருளேட்டோடு இருப்பவர் மாற்கு. இதிலேயே தலைப்பு தகராறு ஆகிவிடுகிறது. மாற்கு நற்செய்தி எழுதியவர்தானே தவிர, அப்போஸ்தலர் (இயேசு நேரடியாக அனுப்பிய தூதர்) அல்லர். 'நான்கு அப்போஸ்தலர்கள்' பிற்காலத்தார் வைத்த பெயர். படத்தின் அடியில் எழுதியிருப்பது 'இந்த நான்கு சிறந்த மனிதர்கள்' என்ற பொருளில்தான். மனிதர்கள் என்ற அந்தச் சொல்லையும் ஒளிவட்டம் இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள்; உங்கள் முதல் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

பவுலின் அங்கியை வெள்ளை என்றீர்கள். அடுத்த முறை ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தத் துணியில் சுத்த வெள்ளை மிகக் கொஞ்சம். மடிப்பின் பள்ளத்தில் சாம்பல், அதற்குள் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம், மேட்டில் மட்டும் வெளிச்சம். இத்தனை மெல்லிய எலுமிச்சை மரப் பலகையில் கல்லில் செதுக்கியதுபோல ஒரு துணியைத் தொங்கவிட்டிருக்கிறார். துணிக்குள் உடம்பு இருக்கிறதா என்று சந்தேகப்படவே முடியாது. அந்த வயதான உடம்பின் எடையை அங்கிதான் தாங்கி நிற்கிறது.

பதிவு 3 · தச்சன்மகன்

அக்கா, துணி மடிப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் எலுமிச்சை மரம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எலுமிச்சை மரத்தில் 2 மீட்டர் பலகை அறுக்க வேண்டுமென்றால் அந்த மரத்தைக் கடவுளே வந்து வளர்க்க வேண்டும். ஆங்கிலத்தில் 'லைம்' என்று படித்ததால் வந்த குழப்பம் இது. மரம் வேறு. ஜெர்மன்காரர்கள் அதை லிண்டே என்கிறார்கள். தமிழில் லிண்டன் மரம் என்று எழுதினால் போதும். மிருதுவான மரம், வரி நெருக்கமாக இருக்கும், உளிக்கு வழுக்கிக்கொண்டு வரும். தென் ஜெர்மனியின் மரச்சிற்பிகள் பெரும்பாலும் கைவைத்தது இந்த மரத்தில்தான்.

பலகை ஓவியம் என்றால் வெறும் மரத்தில் சாயம் பூசுவது என்று நினைத்துவிடக் கூடாது. முதலில் மரம் காய வேண்டும். பிறகு பலகைகளை விளிம்போடு விளிம்பு பசைபோட்டு ஒட்டி இழைப்புளியால் சமப்படுத்துவார்கள். அதன்மேல் விலங்குத் தோல் வேகவைத்த பசையில் சுண்ணப்பொடி குழைத்துப் பல பூச்சுகள். இத்தாலியில் இதற்கு ஜிப்சம், ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே சுண்ணப்பொடி. தந்தம்போல வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் தூரிகை. என் தகப்பனார் பூஜை அறைக் கதவுக்குச் செய்வதில் பாதி வேலை இது. அதனால்தான் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறேன்.

பதிவு 4 · சாயப்பெட்டி

எலுமிச்சையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 15 வருடமாக இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன் என்பதைத் தயவுசெய்து யாரும் வெளியே சொல்ல வேண்டாம்.

பதிவு 5 · தரங்கைக் கடற்கரை

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியன். லுத்தரன் சபையைச் சேர்ந்தவன்; பாப்பரசரை எதிர்த்துப் பிரிந்த மார்ட்டின் லூதரின் வழி வந்த சபை. அந்தப் பொடி எழுத்தைப் பற்றி நான் சொல்கிறேன். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எழுதியவர் யோகான் நொய்டோர்ஃபர், நியூரம்பெர்க் நகரத்தின் பெயர்பெற்ற அழகெழுத்து ஆசிரியர். ட்யூரர் சொல்லச் சொல்ல எழுதியவர். வசனங்கள் 1522 செப்டம்பரில் வெளிவந்த லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டிலிருந்து எடுத்தவை. முதலில் ஒரு முகவுரை. இந்த ஆபத்தான காலத்தில் உலகை ஆளுகிறவர்கள் மனிதர் காட்டும் தவறான வழியைக் கடவுளின் வார்த்தை என்று ஏற்றுவிடாதபடி கவனமாக இருக்க வேண்டும். கடவுள் தம் வார்த்தையோடு எதையும் கூட்டவும் விடமாட்டார், அதிலிருந்து எதையும் குறைக்கவும் விடமாட்டார். ஆகையால் இந்த நால்வரின் எச்சரிக்கையைக் கேளுங்கள் என்று வருகிறது. பிறகு நால்வரும் ஆளுக்கொரு பகுதி பேசுகிறார்கள். இடப்பலகையில் பேதுருவின் இரண்டாம் நிருபம் (கடிதம்) 2-ஆம் அதிகாரம்: கள்ளத்தீர்க்கதரிசிகள். யோவானின் முதலாம் நிருபம் 4-ஆம் அதிகாரம்: எல்லா ஆவிகளையும் நம்பாமல் சோதித்துப் பாருங்கள். வலப்பலகையில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம் 3-ஆம் அதிகாரம்: கடைசி நாள்களில் வரும் கொடிய காலம். கடைசியாக மாற்கு 12.

அந்த மாற்கு 12-ஐத் தம்பி நெடும்பயணி நம் வேதாகமத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும். வேதபாரகரை, அதாவது வேதம் கற்ற யூத அறிஞர்களைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்பதுதான் செய்தி. அவர்களுக்கு என்ன அடையாளம்? 'நீண்ட அங்கிகளைத் தரித்துக்கொண்டு' திரிகிறவர்கள்!

பதிவு 6 · நெடும்பயணி

ஐயா, ஒரு நிமிடம். நீண்ட அங்கிக்காரர்களை நம்பாதீர்கள் என்ற வசனத்தை நீண்ட அங்கிக்காரர்களின் காலடியில் எழுதிவைத்திருக்கிறாரா? தெரிந்தே செய்தாரா?

பதிவு 7 · தரங்கைக் கடற்கரை

வசனங்களைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் தம்பி. வேதபாரகரின் அங்கி சந்தைவெளியில் வணக்கம் வாங்குவதற்கு. இவர்களின் அங்கி ரோமாபுரிக் காலத்து மேலாடை. மாலையும் இல்லை, தையல் வேலைப்பாடும் இல்லை. ஆலயப் பீடத்தின்மேல் வைக்கும் அந்தக் காலத்துப் பீடப்படங்களில் பிஷப்புகளுக்குப் பொன்னிழையும் மணியும் வைத்து வரைவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு பொத்தான்கூட இல்லை.

பதிவு 8 · முத்துக்குளித்துறை

இழையை இரண்டு நாளாக வாசிக்கிறேன். லுத்தரன் ஐயா ஒரு பக்கம் மட்டும் பேசிக்கொண்டே போகிறார். தூத்துக்குடியிலிருந்து ஒரு கத்தோலிக்கன் வாய் திறக்காவிட்டால் எங்கள் பாட்டி கனவில் வந்து திட்டுவாள். அவள் சொல்லும் பெயரிலேயே சொல்கிறேன்: அருளப்பர் முன்னால், இராயப்பர் பின்னால், சின்னப்பர் முன்னால், மாற்கு பின்னால்.

(இளைஞர்களுக்கு: அருளப்பர் என்றால் யோவான், இராயப்பர் பேதுரு, சின்னப்பர் பவுல்.)

இராயப்பர் கையில் பொன் சாவி. அந்தச் சாவி எங்களுக்குப் பாப்பரசரின் அதிகாரம். அப்படிப்பட்டவர் தலையைக் குனிந்து, தன்னைவிட இளையவரான அருளப்பர் பிடித்திருக்கும் புத்தகத்தை எட்டி வாசித்துக்கொண்டிருக்கிறார். திறந்திருக்கும் பக்கம் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம், அதுவும் ஜெர்மனில். சாவியை வைத்துக்கொண்டு வாசகனாக நில் என்று இராயப்பரிடம் சொல்வது போலிருக்கிறது. இதை நடுநிலைப் படம் என்று யாராவது சொன்னால் சிரிப்பேன். அழகான படம். ஆனால் அது ஒரு கட்சியின் சுவரொட்டி.

பதிவு 9 · சாயப்பெட்டி

இராயப்பரைப் பின்னால் நிறுத்தியதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம் என்பேன். வெனிஸில் ஃப்ராரி ஆலயத்தில் ஜியோவன்னி பெல்லினி 1488-இல் முடித்த மூன்று பகுதிப் பீடப்படம் ஒன்று இருக்கிறது. அதிலும் இரு பக்கமும் இரண்டிரண்டு ஆண்கள். இடப்பக்கம் நிக்கலஸ் முன்னால், பேதுரு பின்னால். வலப்பக்கம் பெனடிக்ட் முன்னால், மாற்கு பின்னால். பெல்லினி கத்தோலிக்கர், ஆலயம் பிரான்சிஸ்கன் சபையினருடையது, லூதருக்கு அப்போது 5 வயதுகூட ஆகியிருக்காது. ட்யூரர் வெனிஸில் இருந்தவர், பெல்லினியைப் பெரிதும் மதித்தவர். குறுகலான பலகையில் இருவரை நிறுத்த அவர் அங்கே கண்ட வழி இது.

வேறுபாடு ஒன்றுதான். பெல்லினியின் நால்வருக்கு நடுவே மரியன்னை குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். ட்யூரரின் நால்வருக்கு நடுவே வெறும் சுவர்.

பதிவு 10 · தச்சன்மகன்

அந்த வெறும் சுவரைப் பற்றித்தான் எனக்கும் உறுத்தல். இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 76 சென்டிமீட்டர் அகலம். பார்த்தவுடன் கைக்குத் தெரிகிறது: இது பீடப்படத்தின் இரு கதவுகள். மடக்கினால் நடுவே 152 சென்டிமீட்டர் அகலப் படம் ஒன்றைச் சரியாக மூடும். நடுப்படம் எங்கே?

பதிவு 11 · சாயப்பெட்டி

உங்கள் கைக்குத் தெரிந்தது எர்வின் பனோஃப்ஸ்கி என்ற கலை வரலாற்றாளருக்கும் தோன்றியது. 1520-களின் தொடக்கத்தில் புனிதர்கள் சூழ்ந்த மரியன்னைப் படம் ஒன்றுக்காக ட்யூரர் ஓவியம் ஓவியமாகத் திட்டம் போட்டது உண்மை. அந்தக் கோட்டோவியங்கள் இருக்கின்றன. சமயச் சீர்திருத்தம் வந்தது, அப்படிப்பட்ட படத்துக்கு இடமில்லாமல் போனது, கதவுகள் மட்டும் தனியாக நின்றுவிட்டன என்பது அவர் கட்சி. பவுலே முதலில் பிலிப்பு என்ற வேறொரு அப்போஸ்தலராகத் தொடங்கப்பட்டவர் என்றும் சொன்னார். அதற்குச் சான்றாக ஒரு செப்புத்தகட்டு அச்சோவியம்: பிலிப்பு, இதே கனத்த மேலாடை. தகட்டில் 1523 என்று செதுக்கி, பிறகு 1526 என்று திருத்தியிருக்கிறார்.

நான் இதை முழுதாக நம்பவில்லை. நால்வருக்கும் ஒத்த வசனங்கள், அவற்றுக்கென அடியில் அளந்துவிட்ட இடம், புத்தகத்தைப் பார்க்கும் இருவர், வெளியே பார்க்கும் இருவர். இவ்வளவும் மிச்சம் மீதியை ஒப்பேற்றியவன் வேலையாகத் தெரியவில்லை. இடப்பலகையில் வாசிக்கிறார்கள், வலப்பலகையில் காவல் நிற்கிறார்கள். பவுலின் ஒற்றைக் கண் நேராக நம்மேல் திரும்புவதை நெடும்பயணி கவனித்திருப்பார்.

பதிவு 12 · நெடும்பயணி

கவனிக்காமல் என்ன. பள்ளியில் தலைமையாசிரியர் பக்கவாட்டில் நின்றுகொண்டே பார்ப்பாரே, அதே பார்வை.

பதிவு 13 · கஷாயம்

சித்த மருத்துவக் குடும்பத்துக்காரன் என்பதால் ஒரு சின்ன இடைச்செருகல். நொய்டோர்ஃபரே பின்னாளில் எழுதிவைத்த குறிப்பில் இந்த நான்கு முகங்களிலும் நான்கு உடல்வாகுகளைக் காணலாம் என்கிறார். நமக்கு வாதம், பித்தம், கபம் என்று மூன்று. அவர்களுக்கு இரத்தம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம், கபம் என்று நான்கு. வழக்கமாகச் சொல்வது: செழித்த முகத்து இளம் யோவான் இரத்தம், கண் உருட்டும் மாற்கு மஞ்சள் பித்தம், இறுகிய பவுல் கரும்பித்தம், சோர்ந்த பேதுரு கபம். பேதுருவைக் கபம் என்று எங்கள் தாத்தா ஒரே பார்வையில் சொல்லியிருப்பார். அந்த இமைகள் போதும்.

பதிவு 14 · பழம்பஞ்சாங்கம்

எல்லோரும் படத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். படம் எங்கே தொங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. முத்துக்குளித்துறையின் 'சுவரொட்டி' என்ற சொல்லுக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இது ஆலயத்துக்கு வரைந்த படமே அல்ல. 1526 அக்டோபர் தொடக்கத்தில் ட்யூரர் தன் ஊரான நியூரம்பெர்க் நகர மன்றத்துக்கு ஒரு கடிதத்தோடு இதைப் பரிசாகக் கொடுத்தார். வேறு எந்த ஓவியத்துக்கும் செலவிடாத உழைப்பை இதில் செலவிட்டதாகவும், தன் நினைவாக வைத்துக்கொள்ள உங்களைவிடத் தகுதியானவர் இல்லை என்றும் எழுதினார். மன்றம் இலவசமாக வாங்கிக்கொள்ளவில்லை. அவருக்கு 100 கில்டர் காசு, மனைவிக்கு 12, வேலையாளுக்கு 2. நகர மன்றக் கட்டடத்தின் மேல்தளத்தில், ஆட்சி செய்கிறவர்கள் உட்காரும் அறையில் மாட்டினார்கள். 'உலகை ஆளுகிறவர்கள்' என்று அடியில் எழுதியிருப்பது இவர்களைத்தான். அஞ்சல் முகவரி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

யாரை எச்சரித்தார்? ரோமாபுரியை மட்டும் என்றால் எனக்கு உடன்பாடில்லை. தேதிகளைப் பாருங்கள். 1525 ஜனவரியில் செபால்ட் பேஹாம், பார்தெல் பேஹாம் என்ற சகோதரர்களையும் கியோர்க் பென்ட்ஸையும் இதே மன்றம் விசாரித்து ஊரைவிட்டுத் துரத்தியது. மூவரும் ஓவியர்கள், ட்யூரரின் வட்டத்தில் வளர்ந்தவர்கள். ஞானஸ்நானத்திலோ திருவிருந்திலோ, ஏன், நகர மன்றத்தின் அதிகாரத்திலோகூட நம்பிக்கையில்லை என்று சொல்லிவிட்டார்கள். 'கடவுளற்ற மூன்று ஓவியர்கள்' என்று இன்றும் பெயர். பள்ளித் தலைவராக இருந்த ஹன்ஸ் டெங்க்கும் அதே மாதம் வெளியேற்றப்பட்டார். மார்ச் மாதம் சமய விவாதம் நடந்து நகரம் லூதர் பக்கம் சாய்ந்தது. அதே ஆண்டு விவசாயிகள் கிளர்ச்சி எழுந்து இரத்தத்தில் முடிந்தது. 1526-இல் அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் 'கள்ளத்தீர்க்கதரிசி' என்றதும் நினைவுக்கு வந்தவர் பாப்பரசர் மட்டும் இல்லை. தெருவில் 'எனக்கு ஆவி இறங்கியது' என்று பேசியவர்களும்தான்.

பதிவு 15 · முத்துக்குளித்துறை

பழம்பஞ்சாங்கம் ஐயா, இரு பக்கமும் அடித்தார் என்கிறீர்கள். சரி. ஆனால் அடி யார் மேல் விழுந்தது என்றும் சொல்ல வேண்டும்.

அதே நகரில் புனித கிளாரா கன்னியர் மடம் இருந்தது. மடத்தலைவி காரித்தாஸ் பிர்க்ஹைமர், லத்தீன் அறிந்த பெண்மணி. ட்யூரரின் உயிர்நண்பர் வில்லிபால்ட் பிர்க்ஹைமரின் உடன்பிறந்தவர். மரியன்னையின் வாழ்வைச் சித்திரிக்கும் மரச்செதுக்கு அச்சோவியங்களை ட்யூரர் 1511-இல் கவிதைகளோடு நூலாக வெளியிட்டபோது அது காரித்தாஸுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அப்படிப்பட்டவருக்கு 1525-இல் என்ன நடந்தது? பிரான்சிஸ்கன் குருக்கள் பாவ ஒப்புரவு கேட்க மடத்துக்குள் வரக்கூடாது என்று மன்றம் தடுத்தது. புதிதாக ஒருவரையும் மடத்தில் சேர்க்கக் கூடாது என்றது. சில தாய்மார்கள் வந்து தங்கள் பெண்களை அழ அழ இழுத்துக்கொண்டு போனார்கள். லூதரின் நண்பர் மெலாங்க்தன் வந்து சமாதானம் பேசிய பிறகுதான் மீதிப்பேர் சாகும்வரை அங்கே இருக்க விட்டார்கள்.

இப்போது சின்னப்பரின் காலடியில் இருக்கும் வசனத்தைப் பாருங்கள். வீடுகளில் நுழைந்து பெண்களை வசப்படுத்துகிறவர்கள் என்று அங்கேயும் ஒரு வரி வரும். மன்ற உறுப்பினர் அதை வாசித்துவிட்டு யாரை நினைத்திருப்பார்? மடத்துக்குப் போய்வந்த குருவானவரைத்தான். தன் கதவைத் தட்டிய மன்றத்தாரைக் காரித்தாஸ் நினைத்திருப்பார். வசனம் ஒன்றுதான் ஐயா.

பதிவு 16 · தரங்கைக் கடற்கரை

இதற்கு என்னிடம் பதில் இல்லை. காரித்தாஸின் பக்கம் நியாயம் இருந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறேன். என் சபையார் யாரும் இங்கே வருவதில்லை.

உங்களுக்கு ஒரு கூடுதல் ஆதாரமும் தருகிறேன். ட்யூரர் இறந்து 2 ஆண்டு கழித்து, 1530-இல், வில்லிபால்ட் பிர்க்ஹைமர் ஒரு கடிதத்தில் தானும் காலஞ்சென்ற ஆல்பிரெக்டும் தொடக்கத்தில் நல்ல லுத்தரன்களாகத்தான் இருந்தோம், ஆனால் நிலைமை முன்னைவிட மோசமாகிவிட்டது என்று புலம்புகிறார். நண்பர் தன் கசப்பை இறந்தவர் மேலும் ஏற்றிவிட்டார் என்று நாங்கள் சமாளிப்போம். 1521-இல் லூதர் பிடிபட்டார் என்ற வதந்தியைக் கேட்டு ட்யூரர் நாட்குறிப்பில் கதறியதையும் சேர்த்து எடைபோட வேண்டும் அல்லவா?

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யோவான் கையில் திறந்திருக்கும் பக்கம். 'ஆதியிலே வார்த்தை இருந்தது.' வசனத்தை மக்கள் மொழியில் கொடுக்க வேண்டும் என்ற அந்த வெறிதான் 1706-இல் லுத்தரன் போதகர் சீகன்பால்கைக் கப்பலேற்றி எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தது. தரங்கம்பாடியில் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அதனால் அந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போது எனக்குக் கட்சி நினைவு வருவதில்லை, ஊர் நினைவுதான் வருகிறது.

பதிவு 17 · முத்துக்குளித்துறை

எங்கள் பக்கம் 'தொடக்கத்தில் வாக்கு இருந்தது'. வார்த்தையா வாக்கா என்று இன்னொரு இழை தொடங்கினால் மட்டுறுத்துநர் நம் இருவரையும் காரித்தாஸ் மடத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே புதியவர்களைச் சேர்ப்பதில்லை.

பதிவு 18 · மட்டுறுத்துநர்

இதுவரை ஒரு பதிவையும் நீக்க வேண்டி வரவில்லை. சமயம் பற்றிய இழையில் இது எனக்கே புதிது. தொடருங்கள்.

பதிவு 19 · பழம்பஞ்சாங்கம்

'நீக்குவது' என்று மட்டுறுத்துநர் சொன்னதும் அடுத்த கதை நினைவுக்கு வருகிறது. தச்சன்மகன் மனதைத் திடப்படுத்திக்கொள்ளட்டும்.

100 ஆண்டுகள் அந்த நால்வரும் நகர மன்றத்திலேயே நின்றார்கள். 1627-இல் பவேரியாவை ஆண்ட மாக்சிமிலியன் கண் அவர்கள்மேல் விழுந்தது. கத்தோலிக்க அணியின் தலைவர், கத்தோலிக்கரும் லூதர் பக்கத்தாரும் மோதிய முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருக்கும் காலம், சுற்றிலும் படைகள். ட்யூரர் பைத்தியம் என்றே சொல்லலாம்; ஏற்கெனவே ட்யூரர் வரைந்த பௌம்கார்ட்னர் பீடப்படத்தை 1613-இல் நியூரம்பெர்க்கிலிருந்தே வாங்கியிருந்தார். இந்த முறை விலை பேசவில்லை, கேட்டார். கேட்கிறவர் கையில் படை இருந்தால் அதற்குப் பெயர் கேட்பதா?

மன்றம் ஒரு தந்திரம் செய்து பார்த்தது. நகல்கள் செய்து மூலங்களோடு சேர்த்து அனுப்பியது. மூலங்களின் அடியில் லூதரின் வசனங்கள் இருக்கின்றன, கத்தோலிக்க அரசர் முகம் சுளித்து நகலோடு திருப்திப்படுவார் என்று கணக்கு. அவர் கணக்கு வேறு. வசனங்கள் இருந்த அடிப்பகுதியை ரம்பத்தால் அறுத்து எடுக்கச் சொன்னார். நால்வரையும் வைத்துக்கொண்டார். அறுத்த துண்டுகளையும் நகல்களையும் நியூரம்பெர்க்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். 'எதையும் கூட்டாதே, எதையும் குறைக்காதே' என்ற வாசகம் ரம்பத்தின் வாயில் போனது.

இன்னும் கேளுங்கள். பௌம்கார்ட்னர் பீடப்படத்தின் இரு பக்கமும் வெறும் இருட்டின்முன் இரண்டு வீரர்கள் நிற்பார்கள். அது மொட்டையாக இருக்கிறது என்று நிலக்காட்சியும் குதிரையும் தலைக்கவசமும் வரைந்து சேர்க்க வைத்தார். 1903-இல்தான் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள். ஒன்றில் கூட்டினார், ஒன்றில் குறைத்தார்.

பதிவு 20 · தச்சன்மகன்

வயிற்றைக் கலக்குகிறது. சுண்ணப்பூச்சு போட்ட நூறாண்டுப் பலகையில் குறுக்காக ரம்பம் ஓட்டினால் விளிம்பில் பூச்சு உதிரும். அதை உதிராமல் அறுக்க ஒரு நல்ல கை வேண்டும். அந்தத் தச்சனும் யாரோ ஒருவனுக்கு மகன்தானே. கூலி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பான்?

ஒட்டியது எப்போது?

பதிவு 21 · பழம்பஞ்சாங்கம்

1922. ஏறத்தாழ 300 ஆண்டு வசனங்கள் ஓர் ஊரில், மனிதர்கள் ஓர் ஊரில். வசனங்களுக்கு மேல் நியூரம்பெர்க்கில் நகல் மனிதர்கள் நின்றார்கள். 1922-இல் துண்டுகள் மியூனிக்குக்கு வந்து மூலத்தோடு சேர்ந்தன. நியூரம்பெர்க்குக்கு நகல்தான் மிச்சம்.

பதிவு 22 · சாயப்பெட்டி

ஒரு வருத்தம். இந்த இழையில் எல்லோரும் எழுத்தைப் பற்றியே பேசுகிறோம். மாக்சிமிலியன் செய்தது அநியாயம்தான். ஆனால் எழுத்தை அறுத்த பிறகும் படம் நின்றது என்பதையும் பாருங்கள். ஏறத்தாழ 300 ஆண்டுகள் மியூனிக்கில் பார்த்தவர்கள் எவருக்கும் அடியில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய வேண்டியிருக்கவில்லை. துணியும் கண்ணும் கையும் போதுமாக இருந்தன.

பதிவு 23 · தரங்கைக் கடற்கரை

அம்மா, அதுதான் எனக்குப் பயம். எழுத்து இருக்கும்போது அவர்கள் சாட்சிகள். அறுத்த பிறகு நல்ல உடையில் நான்கு பெரியவர்கள். பார்க்கிறவர் வணக்கம் வைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். சந்தைவெளியில் வணக்கம் வாங்குகிறவர்களைப் பற்றித்தானே மாற்கு எச்சரித்தார்?

பதிவு 24 · சாயப்பெட்டி

ஐயா, உங்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஆனால் ஓவியன் எழுத்துக்கு விட்ட இடம் கால் பக்கம்கூட இல்லை. மீதியெல்லாம் துணி. எந்த மொழியில் அதிகம் பேச விரும்பினான் என்று நீங்களே அளந்து பாருங்கள்.

பதிவு 25 · நெடும்பயணி

மன்னிக்கவும், இரண்டு வாரமாக வேலை. போன ஞாயிறு மீண்டும் போனேன், இந்த முறை மழை இல்லாமலேயே. தரங்கை ஐயா சொன்ன மாற்கு 12-ஐ ஜெர்மன் மொழியில் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போனேன். வலப்பலகையின் அடியில் கடைசிப் பகுதி. அந்த எழுத்தின் சுழிப்பில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. 'லாங்கன்' என்ற ஒரு சொல்லையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முழங்கால் மடித்து உட்கார்ந்துவிட்டேன். நீளம் என்று பொருள்; அங்கிக்கு முன்னால் வர வேண்டிய சொல். கண்டுபிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

கீழே உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பவுல் மலைபோல் இருக்கிறார். துணி மட்டும்தான் தெரிகிறது. முகம் எங்கோ உயரத்தில். சாயப்பெட்டி அக்கா, நீங்கள் சொன்ன பச்சையும் நீலமும் இருக்கின்றன. கைக்குட்டைதான் மறந்துவிட்டேன். காவலர் வந்து ஏதோ சொன்னார். உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டாராம், பக்கத்தில் நின்ற அம்மையார் ஆங்கிலத்தில் சொன்னார். வாசிக்கிறேன் என்றேன். அவரும் குனிந்து ஒரு வரி பார்த்துவிட்டு, எனக்கும் புரியவில்லை என்பதுபோலக் கையை விரித்தார்.

பதிவு 26 · தச்சன்மகன்

எல்லாம் சரி. அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தீர்களே, 1922-இல் ஒட்டிய இடம் தெரிந்ததா? ரம்பக் கோடு நேராக ஓடுகிறதா, கோணலா?

பதிவு 27 · நெடும்பயணி

அதைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு போகிறேன்.